கொடி பாவா உட்கார்ந்த பந்தி

இந்த உலகத்தில் சும்மா நடக்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் தெரு கொடி பாவாதான். நடப்பதென்றால் அவருக்கு முன்னால் ஒரு கொடி வேண்டும், பின்னால் ஒரு கூட்டம் வேண்டும், முடிவில் ஒரு சாமி வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கால் எழும்பாது. சர்க்கரை இருக்கிறது, தினமும் காலையில் வாக்கிங் போங்கள் என்று டாக்டர் சொன்னபோது, "எந்தக் கோயிலுக்குங்க?" என்று கேட்டவர் அவர்.

எங்கள் தெருவில் பெண் எடுத்து மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்ட மாப்பிள்ளை. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் திருத்தணியில் அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிடுவது சகஜம். முதலில் மனைவியின் தம்பி கூப்பிட்டான். பிறகு அவன் கூட்டாளிகள், பால்காரர், சிலிண்டர் போடுகிறவர் என்று தெருவே கூப்பிட்டது. கடைசியில் அவருடைய மாமனாரே, "பாவா, காப்பி குட்ச்சியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், நான் பார்த்ததில்லை.

வருடா வருடம் புரட்டாசியில் எங்கள் தெருக் கூட்டத்தைத் திருப்பதிக்கு நடத்திக் கூட்டிப் போவது அவர்தான். கையில் மயில் படம் போட்ட மஞ்சள் கொடி இருக்கும். பெருமாள் கோயிலுக்கு முருகன் கொடியா என்று யாராவது கேட்டால், "மருமவன் கொடியப் பாத்தா மாமா உள்ள உட மாட்டாரா?" என்பார். வீட்டில் நாலு விசைத்தறி ஓடுகிறது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மெதுவாகப் பேசுவது என்பதையே அவர் மறந்துவிட்டார். அவர் ரகசியம் சொன்னால் பதில் அடுத்த தெருவிலிருந்து வரும்.

நான் பிறவியிலேயே கூச்சக்காரன். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டாலே முகம் சிவந்துவிடும். அப்படிப்பட்டவன் பாவாவோடு கடைத்தெருவுக்குப் போனால் என்ன ஆகும்? பின்னால் ஒரே ஓர் ஆள் வந்தால் போதும், அது அவருக்குக் கூட்டம். நாற்சந்தியில் கையைத் தூக்கி திருப்பதி பஸ்ஸை நிறுத்திவிட்டு, "சீக்கிரம் தாண்டுங்க, கூட்டத்த உட்டுப் போவாதீங்க!" என்று கத்துவார். தாண்ட வேண்டியவன் நான் ஒருவன்தான். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே தாண்டுவேன்.

ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். ஊர்வலத்தில் பாவா முன்னால் நடந்தார். கூட்டம், முன்வரிசை, மேளம் எல்லாம் சேர்ந்ததும் மனிதருக்குப் பழக்கம் தலைக்கேறிவிட்டது. முக்குத் திரும்பும்போது இரண்டு கையையும் தூக்கி, "வெற்றிவேல் முருகனுக்கு!" என்று ஒரு குரல் கொடுத்தார். அதுகூடப் பரவாயில்லை. திருத்தணிக்காரன் வாய் இருக்கிறதே, அது யார் கேட்டாலும் பதில் சொல்லிவிடும். மொத்த ஊர்வலமும், இறந்தவரின் மகன் உட்பட, "அரோகரா!" என்றது. நான் அன்று பாதி வழியிலேயே சந்துக்குள் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இத்தனையும் தெரிந்திருந்தும் போன மாசியில் அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். அதற்குக் காரணம் எதிர்வீட்டு லோகேஷ். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தினமும் ரயிலில் போய்வருகிற பிள்ளை. போனில் ஒரு வீடியோ காட்டினான். பழவேற்காட்டுப் பக்கம், ஒரு புறம் கடல், மறுபுறம் ஏரி, நடுவில் மணல். மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து இன்னொரு குப்பத்துக்கு ஒரு கூட்டம் தொப்பி போட்டுக்கொண்டு நடந்து போகிறது. "ஞாயித்துக்கெழம காலையில ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள முட்ச்சிடலாம்ணா" என்றான். நான், என் மனைவி சரோஜா, இன்னும் இரண்டு தம்பதிகள் தயாரானோம். அதோடு நின்றிருக்கலாம். "நடக்கறதுன்னா பாவா இல்லாமலா?" என்று சரோஜா வாயைத் திறந்துவிட்டாள்.

பாவா முதலில் கேட்ட கேள்வி, "எந்த சாமி?"

"சாமி இல்ல பாவா. சும்மா கடலப் பாத்துகினே நடக்கறது" என்றான் லோகேஷ்.

"கடலப் பாக்கறதுன்னா ஒக்காந்து பாக்கலாமே நைனா? இன்னாத்துக்கு நடக்கணும்?"

லோகேஷ் அந்த வீடியோவை மறுபடியும் ஓட்டிக் காட்டினான். யோசித்துப் பார்த்தால் பாவா கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பாவாவே சமாதானமாகி, "சரி, அம்மாம் தொலைவுல ஒரு சாமி இல்லாமலா பூடும்? போற வழியில கெடைக்கும்" என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் சட்டதிட்டங்கள் வந்தன. இரண்டு நாள் கவுச்சி கிடையாது, எல்லோரும் மஞ்சள் துணி, காலில் செருப்பு கூடாது. லோகேஷ் மட்டும் புது ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று அழும்பு பிடித்தான். "சரி, நீ கடைசில வா. சாமி கண்ணுல படாம வா" என்று பாவா விட்டுக்கொடுத்தார்.

விடிந்ததும் வேன் எங்களை முதல் குப்பத்தில் இறக்கிவிட்டது. பாவா கொடியோடு இறங்கினார். கூடவே ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளமும் இறங்கியது. அதில் தேங்காய், வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை பாக்கு, கதம்பம், குங்குமம். "இது எதுக்கு பாவா?" என்றேன். "சாமி திடீர்னு எதிர்ல வந்தா வெறுங்கையோட நிப்பியா?" என்று கேட்டுவிட்டுத் தாம்பாளத்தை சரோஜா கையில் கொடுத்தார்.

கடல் அழகாகத்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "எந்த ஊரு திருவிழாப்பா?" என்று கேட்டார். பாவா நின்று நிதானமாக, "தெரிலமா. உங்க ஊர்ல இன்னா சாமி?" என்று திருப்பிக் கேட்டார். நான் சவுக்குத் தோப்பைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எதிரே நிஜமாகவே ஒரு சென்னைக் கூட்டம் வந்தது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மடக்கு ஊன்றுகோல். பாவா அவர்களை வரிசையில் நிறுத்தி, முகத்தில் பூசியிருந்த வெயில் கிரீமின் மேலேயே திருநீறு பூசினார். ஒரு பெண் கைகூப்பி, "அங்கிள், இங்க எந்தக் கோயில் ஃபேமஸ்?" என்றாள். "அதான்மா நானும் காலையிலேர்ந்து கேட்டுகினு கீறேன்" என்றார் பாவா. லோகேஷ் அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு எங்களை யாரென்றே தெரியாதவன்போல் பத்தடி நடந்தான். "லோகேசு! கூட்டத்த உட்டுப் போவாத!" என்று அலைச் சத்தத்தை அடக்கிக்கொண்டு குரல் வந்தது. நானாவது பிறவிக் கூச்சக்காரன். அந்தப் பிள்ளை அன்றுதான் ஆனான்.

உச்சி வெயிலில் மணல் காலைச் சுட்டது. பசி வேறு. கொண்டுபோன புளிசாதம் காலையிலேயே தீர்ந்துவிட்டது. அப்போதுதான் மூன்றாவது குப்பத்தின் ஓரத்தில் அந்தப் பந்தல் தெரிந்தது. வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டு. வாசலில் நாலைந்து பெண்கள் ஆரத்தித் தட்டோடு கடற்கரைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் கொடியைப் பார்த்ததும், "வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" என்று உள்ளே குரல் கொடுத்தார்கள்.

பாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா? நடந்து வரவனுக்கு இன்னா மரியாத! அன்னதானப் பந்தலு!"

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆடிக் கிருத்திகை வந்தால் எங்கள் ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு பந்தல். நடந்து வருகிறவனை யார், எவர் என்று கேட்காமல் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். பந்தலைப் பார்த்தால் உட்காருவது திருத்தணிக்காரன் ரத்தத்தில் இருக்கிறது. ஆரத்தி எடுத்தார்கள், நெற்றியில் பொட்டு வைத்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். சரோஜா கையிலிருந்த தாம்பாளத்தை ஓர் அம்மாள் பக்தியோடு வாங்கி உள்ளே கொண்டுபோனார். "பாவா, இது அன்னதானம்தானா, ஒரு வார்த்த கேட்டுடலாமே" என்றேன். "அன்னதானத்துல கேள்வி கேக்கறவனுக்கு அடுத்த ஜென்மத்துல சோறு கெடைக்காது" என்று சொல்லிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வேட்டி சட்டையில் ஒரு மனிதர் கைகூப்பிக்கொண்டு ஓடிவந்தார். "தட்டு மாத்திட்டு சாப்ட்லாம்னு இருந்தோங்க..." என்று இழுத்தார்.

"மொதல்ல சோறு, அப்பறந்தான் மத்ததெல்லாம்" என்றார் பாவா.

அந்த மனிதர் உடனே இலை போடச் சொன்னார். அவரே குனிந்து பரிமாறினார். பாவா பல வருடம் பந்தல் பார்த்தவர், வாய் சும்மா இருக்குமா? சாம்பாரில் உப்பு கம்மி என்றார், ஓர் அம்மாள் முகம் வெளுத்து உப்புக்கு ஓடினார். இன்னும் இரண்டு வடை என்றார், நாலு வந்தது. "பாயசத்துக்கு வெல்லம் போதல. அடுத்த வருசம் பாத்துப் போடுங்க" என்றார். "அடுத்த வருசமா?" என்று அந்த மனிதர் குழம்பினார். இதற்கிடையில் பந்தலை ஒட்டிய வீட்டின் சன்னலுக்குப் பின்னாலிருந்து சில பெண்கள் லோகேஷையே எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைச் சீவிக்கொண்டான்.

நான் மோர் வாங்கிக்கொண்டிருந்தபோது மணல்மேட்டில் இன்னொரு கூட்டம் தெரிந்தது. முப்பது பேர் இருக்கும். பட்டுப்புடவைகள், வரிசையாகச் சீர்த்தட்டுகள். வேன் மணலில் சிக்கிக்கொண்டதால் இறங்கி நடந்து வருகிறோம் என்று முன்னால் வந்தவர் சொல்லிக்கொண்டே பந்தலுக்குள் நுழைந்தார். எங்களையும் எங்கள் இலைகளையும் பார்த்தார்.

"நீங்க... யாரு?" என்று எங்களுக்குப் பரிமாறிய மனிதர் பாவாவைக் கேட்டார்.

"நாங்க திருத்தணிங்க. நடந்து வரோம்."

"அப்ப நீங்க மாப்ள வூட்டுக்காரங்க இல்லியா?"

அன்று அந்த வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். வெளியூர் சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டில் நாலைந்து பேரைத்தான் இவர்களுக்குத் தெரியும், அவர்கள் பின்னால் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள்; மாப்பிள்ளையைப் பார்த்திராத சன்னல் பெண்கள் லோகேஷையே மாப்பிள்ளையாக்கிவிட்டார்கள். மஞ்சள் துணியும் தாம்பாளமும் அதிகாரமுமாக ஒரு கூட்டம் வந்தால் யாரென்று நினைப்பார்கள்? என் இலையில் பாதி வடை கிடந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, இலையில் விட்டுவிட்டு எழுந்து ஓடவும் முடியவில்லை. என் வாழ்நாளில் பட்ட வெட்கம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த நிமிடத்துக்கு ஈடாகாது.

முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. கொஞ்சம் முறுக்கான ஆள். "மொதப் பந்தி மாப்ள வூட்டுக்குத்தான், அதான் ஒலக வழக்கம். வழியில போறவங்க சாப்ட்ட பின்னாடி நாங்க எச்சி பந்தியில ஒக்காரணுமா? இதான் நீங்க சம்பந்தம் பண்ற லட்சணமா?" என்றவர், கூட்டத்தைப் பார்த்து, "யாரும் ஒக்காராதீங்க. தட்ட எறக்காதீங்க" என்றார். எங்களுக்குப் பரிமாறிய அந்த மனிதர்தான் பெண்ணின் அப்பா, கைகூப்பியபடி நின்றார். பாட்டை யாரோ நிறுத்தினார்கள். உள்ளே சன்னலில் சிரிப்பு நின்று, ஒரு பெண் முகம் மட்டும் தெரிந்தது. தலை நிறையப் பூ வைத்திருந்தது. அதுதான் கல்யாணப் பெண் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாவா அந்த முகத்தைப் பார்த்தார். மெதுவாக எழுந்தார். கை கழுவவில்லை. மணலில் நட்டிருந்த கொடியை இடது கையால் பிடுங்கிக்கொண்டு பெரியப்பாவின் எதிரில் போய் நின்றார்.

"ஐயா, இது மொதப் பந்தி இல்ல. இது சாமி பந்தி. பொண்ணுக்கு நல்ல எடம் அமைஞ்சா, முருகனுக்கு நடந்து போறவங்களுக்குச் சோறு போட்டுட்டுத்தான் நிச்சியம் பண்ணுவேன்னு இவுரு எங்க மலையில வேண்டிகினாரு. அதான் நாங்க திருத்தணிலேர்ந்து வந்து கீறோம். சாமி சாப்ட்டாச்சு. இனிமேதான் உங்களுக்கு மொதப் பந்தி."

பாவா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் தெருவில் யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிக் காரியத்தைக் கெடுக்கிற மனிதர் அவர். அன்று அவர் காது நுனிவரை சிவந்திருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்து, "நெசமா?" என்றார். என்ன கெட்ட நேரமோ, என் நெற்றியில் இருந்த திருநீற்றுப் பட்டை எனக்காகப் பேசியிருக்க வேண்டும். "ஆங்... ஆமாங்க" என்று முனகினேன்.

பெரியப்பா கொடியைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார். மனிதரோடு சண்டை போடலாம், முருகனோடு எப்படிப் போடுவது? செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். "அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்றார். தட்டுகள் இறங்கின.

ஆனால் சோறு? முக்கால் குண்டான் காலி. எட்டுப் பேர் சாப்பிட்டதா அது என்று கேட்காதீர்கள், காலையிலிருந்து நடந்த எட்டுப் பேர். பாவா விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனார். "அரிசி கீதா? பருப்பு கீதா? மொளகு, இஞ்சி குடுங்க. தட்டு மாத்தி முடியறதுக்குள்ள பொங்கல் வெந்துடும். சாமி பிரசாதம்னு சொல்லிக்கலாம்." அதன் பிறகு நடந்ததுதான் எங்கள் கடற்கரை நடையில் மிச்சம். சரோஜா இஞ்சி நறுக்கினாள். லோகேஷ் வெறுங்காலோடு குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தான். நான் சவுக்குச் சுள்ளி பொறுக்கினேன். பாவா நெருப்பு முன்னால் வேர்வை வழிய நின்று கிண்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். பிறகு நாங்கள் எட்டுப் பேரும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறினோம். பெரியப்பா பொங்கலை மூன்று தடவை கேட்டு வாங்கினார். கடைசி ஆள் எழுந்ததும் பாவா குனிந்து இலைகளை எடுக்க ஆரம்பித்தார். பெண்ணின் அப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார். பாவா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிக்கோங்கையா. சோத்துக்கு அலையற கூட்டம் இல்ல நாங்க. எங்க ஊர்ல பந்தல்னா ஒக்காருவோம். அதுக்கு மேல எனக்கு ஒண்ணுந் தெரியாது."

அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அத்தனை மெதுவாகப் பேச அவருக்கு வருமென்று நான் நினைத்ததில்லை. பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். "கல்யாணத்துக்கு அவசியம் வந்துடுங்க. ஆனா சொல்லி அனுப்பற நேரத்துக்கு வாங்க" என்று சொல்லி என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

கடைசிக் குப்பம்வரை நடக்க யாருக்கும் தெம்பில்லை, பாவாவே வேனை அங்கே வரச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் ஒரே கலாட்டா. லோகேஷை "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டுப் பெண்கள் ஓட்டினார்கள். பாவா மட்டும் முன் சீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருவள்ளூர் தாண்டும்போது திடீரென்று திரும்பினார்.

"ஏம்பா, அந்தப் பொண்ணு சாப்ட்டுச்சா?"

முப்பது பேருக்குப் பரிமாறினோம். அந்தப் பெண் சாப்பிட்டதை யாரும் பார்த்திருக்கவில்லை. "வூட்ல போட்டிருப்பாங்க பாவா" என்றாள் சரோஜா. "இன்னாத்தப் போட்டிருப்பாங்க? எல்லாத்தியும் நாம துன்னுட்டமே. போன் போடு" என்றார். இதற்கெல்லாம் போய் எப்படிப் போன் செய்வது என்று எனக்கு மறுபடியும் கூச்சம் பிடுங்கியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டேன். பெண்ணின் அப்பா எடுத்து, விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போனை மகளிடமே கொடுத்தார். நான் அதைப் பாவாவிடம் நீட்டினேன்.

"அம்மாடி, சாப்ட்டியாமா?"

"ஆங், சாப்ட்டேன் மாமா. நீங்க பண்ண பொங்கல்தான். அப்பா எனக்குன்னு எடுத்து வெச்சாரு." பழைய போன், வேன் முழுக்கக் கேட்டது. "நீங்க சாப்ட்டீங்களா மாமா?"

"எனக்கு இன்னாமா... மொதல்ல சாப்ட்டவனே நான்தானே" என்றார். அந்தப் பெண் கலகலவென்று சிரித்தது. பாவா போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் துண்டைத் தலைக்கு மேலே இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். சின்னப் பிள்ளைகள்தான் அப்படி வெட்கப்படும், அறுபதைத் தொடப்போகிற மனிதர் வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

அவரோடு இனிமேல் எங்கேயும் போவதில்லை என்று நானும் வருடத்துக்கு ஒருமுறை முடிவு செய்கிறேன். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு நேற்றுத்தான் அழைப்பு வந்தது. பாவா நடந்தேதான் வருவேன் என்கிறார், நானும் அவர் பின்னாலேயே போகப்போகிறேன்.